ஜெயிச்ச வயல்

ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துக்கோங்க தம்பி. எனக்கு வெளிய பாக்க ஒண்ணுமில்ல. இந்தத் தண்டவாளத்துல பதினேழு வருசம் போக வர இருந்தவன் நான். லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு மூஞ்சி, திரும்பிப் போகும்போது ஒரு மூஞ்சி. இப்ப எந்த மூஞ்சியோட போறேன்னு எனக்கே தெரியல.

லூதியானாவுக்கா? கம்பளி நூல் வாங்கவா. திருப்பூர்க்காரங்க அங்க வரைக்கும் போவியன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாங்க அதுக்கும் மேல, பதான்கோட். நாளைக்கு வெள்ளன எறங்கணும்.

நாங்கன்னா, நான், பொறவு அந்தா அடுத்த தடுப்புல ஊதாச் சேலை கட்டிச் சம்மணம் போட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவ, அவ மக. மூணு பேரு. இல்லல்ல, என் வீட்டுக்காரி இல்ல. அவ போயி ஒம்பது வருசமாச்சு. இவ பேராச்சி. என் சேக்காளி பூலுடையாரோட பெஞ்சாதி. நானும் பூலுடையாரும் சங்கரன்கோயிலுக்குக் கெழக்க ஒரே ஊரு, ஒரே தெரு. அவன் என்னை விட ரெண்டு வயசு எளையவன். நான் பட்டாளத்துல சேந்தேன்னு அவனும் வந்து சேந்தான். வாற கார்த்திகையோட அவன் செத்து அம்பது வருசம்.

அவன் செத்த வயலைப் பாக்கத்தான் போறோம். அந்த வயலு நம்ம நாட்டுல இருக்குன்னு அம்பது வருசமா பேராச்சி நெனச்சிட்டு இருக்கா. அது நம்ம நாட்டுல இல்ல தம்பி. பாகிஸ்தான்ல இருக்கு. நம்ம நாட்டுல இருக்குன்னு அவகிட்ட சொன்னது நான். நாளைக்கு வண்டி போயி நிக்கதுக்குள்ள நான் உள்ளதைச் சொல்லியாகணும். முந்தாநேத்து ஏறுனதுல இருந்து வாயைத் தொறக்கேன், மூடுதேன். மெதுவாப் பேசுங்க, அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.

உங்ககிட்ட ஏன் சொல்லுதேன்னா, நீங்க யாரோ. நாளைக்கு உங்க வழி வேற, என் வழி வேற. ஒரு தடவை யாருகிட்டயாவது சொல்லிப் பாத்துட்டா நாக்கு பழகிரும்னு ஒரு நெனப்பு.

எழுபத்தொண்ணு டிசம்பர் யுத்தம். நாங்க சாப்பர்ஸ். துப்பாக்கிக்காரன்தான் முன்னால போவான்னு நெனைப்பிய. அவனுக்கும் முன்னால போறவன் சாப்பர். பாலம் போடணும், கண்ணிவெடி பொதைக்கணும், அடுத்தவன் பொதைச்சதை எடுக்கணும். கண்ணிவெடியை மைன்னுதான் சொல்லுவோம். பஞ்சாப் எல்லையைத் தாண்டி எங்க பக்கத்துல நம்ம ஆளுங்க ஒரு மைல் உள்ள போயிட்டாவ. ஒரு சின்ன கிராமம், ஒரு செங்கல் கெணறு, சுத்திக் கோதும வயலு. சனமெல்லாம் ஓடிப் போயிருந்துச்சு. அடுப்புல ரொட்டி அப்படியே கெடந்துச்சு, ஒரு பக்கம் வெந்து, ஒரு பக்கம் வேகாம. பிடிச்ச எடத்தை அவன் திரும்பப் பிடிச்சிரக் கூடாதுல்லா, அதனால கிராமத்துக்கு வடக்க இருந்த வயல்ல மைன் பொதைக்கச் சொல்லி உத்தரவு.

நானூத்திப் பன்னெண்டு. எனக்கு மறக்காது. ஒவ்வொரு மைனுலயும் ஒரு ஊசி இருக்கும். பொதைச்சு மண்ணு மூடுறதுக்கு முன்னால அந்த ஊசியை உருவிறணும். உருவுனா அதுக்கு உசுரு வந்துரும். உருவுன ஊசியெல்லாம் ஒரு தகர டப்பாவுல போடணும். வேலை முடிஞ்ச பொறவு டப்பாவுல எத்தனை ஊசியோ, மண்ணுக்குள்ள அத்தனை மைன். நான் அப்ப நாயக், பத்துப் பயலுவளுக்குத் தலைவன். வரிசைக்கு வரைபடம் போடுறது என் பொறுப்பு. எந்த எடத்துல இருந்து எத்தனை எட்டு, எந்தத் தெச, வரிசைக்கு எத்தனைன்னு பென்சில்ல போட்டுக் கையெழுத்துப் போடணும். என் கணக்கு தப்பாதுன்னு கம்பெனியில பேரு. பெருமைக்குச் சொல்லல, மேஜர் சாபே சொல்லியிருக்காரு.

பதினாலு நாள்ல யுத்தம் முடிஞ்சுது. ஜெயிச்சோம். அதுல சந்தேகமே வேண்டாம். நீங்க சந்தேகமாப் பாக்கிய.

எங்க ஊரு சலூன்ல இசக்கின்னு ஒருத்தன் இருந்தான். எழுபத்திரண்டு ஜூலையில பெரிய ஆளுங்க மேசையில உக்காந்து பேசிக் கையெழுத்துப் போட்டாவல்லா, பஞ்சாப் பக்கம் அவன் பிடிச்சதை அவன் குடுக்கணும், நாம பிடிச்சதை நாம குடுக்கணும்னு. அது பேப்பர்ல வந்த நாள்ல இருந்து என்னைக் கண்டா அவனுக்கு வாய் சும்மா இருக்காது. பாதி மொகத்துக்குச் சோப்பைப் போட்டுட்டுக் கேப்பான். ஏன் அண்ணாச்சி, பிடிச்ச கோழியைத் திருப்பிக் கூட்டுல விட்டுட்டு வந்ததுக்கு எதுக்கு மெடல்னு. நான் சொல்லுவேன், ஏல, தோத்தவன் எதைத் திருப்பிக் குடுப்பான்? கையில இருக்கவன்தான் குடுக்க முடியும். குடுக்கிற எடத்துல நிக்கிறவன்தான் ஜெயிச்சவன். இசக்கி சிரிப்பான். சரி அண்ணாச்சி, அப்ப நீங்க என் கடையை எழுதி வாங்கிட்டுத் திருப்பிக் குடுங்க, ரெண்டு பேரும் ஜெயிப்போம்பான். அவனோட பேச முடியாது. இருந்தாலும் நான் சொன்னது சரிதானே? நீங்க யாவாரி, உங்களுக்குத் தெரியும். பேசி முடிக்கிற எடத்துல ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டுத்தான் எந்திரிப்பாவ. வீட்டுக்குப் போயிப் பாத்தாத்தான் என்ன போச்சுன்னு தெரியும்.

சரி. நெலத்தைத் திருப்பிக் குடுக்கணும்னு ஆகிப் போச்சு. சும்மா குடுக்க முடியுமா? உள்ள நானூத்திப் பன்னெண்டு மைன் கெடக்கு. பொதைச்சவன்தான் எடுக்கணும். அதுதான் மொறை. யுத்தத்துல பொதைக்கும்போது கூட ஒரு வெறியில பொதைச்சிரலாம் தம்பி. எடுக்கிறது அப்படி இல்ல. முழங்கால் போட்டுக் குனிஞ்சு, ஒரு கம்பியை மண்ணுல சாய்வா விட்டு விட்டு, விரக்கடை விரக்கடையா நகரணும். யாருக்காக? நமக்காக இல்ல. அவன் வந்து உழுறதுக்காக. பயலுவ மொனங்குனானுவ. நானும் மொனங்குனேன். பூலுடையார் மட்டும் மொனங்கல. அவன் வெவசாயி. வயல்ல வெடி கெடக்கது அவனுக்கு ஆகாது, யார் வயலா இருந்தாலும். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான், அண்ணாச்சி, இந்த மண்ணுக்கு ஒரு தடவை அடி உரம் போட்டா நம்ம ஊரு பஞ்சு இங்கன மானாவாரியா வரும்னு. மைனுக்கு நடுவுல உக்காந்துட்டு அவன் பஞ்சு வெதைக்கான்.

கார்த்திகை மாசம். முதல் நாள், முதல் வரிசை. எடுக்க ஆரம்பிச்சுக் கால் மணி நேரம் இருக்கும். பத்திரமான எடம்னு நான் கோடு போட்டுக் காட்டுன எடத்துல அவன் முழங்கால் போட்டுக் குனிஞ்சான். அங்கன ஒரு மைன் இருந்துச்சு.

வெள்ளம் தம்பி. அந்த ஆவணியில மழை கொட்டிச்சு. வயலெல்லாம் தண்ணி. வெள்ளம் வந்தா மைன் நகரும். இது பொஸ்தகத்துலயே இருக்கு. விசாரணையிலயும் அப்படித்தான் எழுதுனோம். நான் எழுதிக் குடுத்தேன், மேஜர் சாப் கையெழுத்துப் போட்டாரு. பொறவு மிச்சத்தை எடுத்தோம். எடுக்கணும்லா, ஆளு செத்தான்னு நிறுத்த முடியுமா. மிச்சம் நானூத்திப் பதினொண்ணும் வரிசை ஒரு இம்மி கொலையாம அப்படியே இருந்துச்சு, எல்லாம் ஒண்ணு போல அஞ்சு எட்டு தள்ளி. பூலுடையாரைக் கொன்னதையும் சேத்து நானூத்திப் பன்னெண்டு. டப்பாவுல இருந்த ஊசிக்கும் அதுக்கும் சரியாப் போச்சு.

என்ன பாக்கிய? வெள்ளம்னா எல்லாத்தையும் ஒண்ணு போலயா நகத்தும்னு கேக்கியளா? நீங்க நூல் யாவாரி, மைனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்.

கோவிச்சுக்காதிய. வயசாச்சு, சட்டுனு வந்துருது. டீ குடிப்போமா? ரெண்டு டீ குடுப்பா.

சாம்பலைக் கலயத்துல கட்டி நான்தான் ஊருக்குக் கொண்டு போனேன். பேராச்சிக்கு அப்ப இருபது வயசு, ஏழு மாசம். எல்லாரும் அழுதாவ, அவ அழல. கலயத்தை மடியில வச்சிக்கிட்டு என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. அந்த எடம் இப்ப யாருகிட்ட இருக்கு அண்ணாச்சின்னு. நான் சொன்னேன், நம்மகிட்டத்தான் தாயின்னு.

சொன்ன அன்னைக்கு அது பொய் இல்ல தம்பி. அன்னைக்குத் தேதியில நம்மகிட்டத்தான் இருந்துச்சு. ஒப்படைக்க இன்னும் நாலு வாரம் இருந்துச்சு. நீங்க வேணும்னா கணக்குப் போட்டுப் பாருங்க. அவ கேட்டா, நாம ஜெயிச்சிட்டமான்னு. ஜெயிச்சிட்டோம்னேன். அதுவும் பொய்யில்ல. ஒரு பொய்யும் சொல்லாமலே அம்பது வருசப் பொய் ஆகிப் போச்சு.

பொம்பளப் புள்ள பொறந்துச்சு. ஜெயக்கொடின்னு பேரு வைக்கச் சொன்னது நான்தான். பொறவு கொழுந்தன்மாரு பாகம் பிரிச்சாவ. பேராச்சிக்கு ஒரு சென்ட் நெலம் குடுக்கல. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னுட்டாவ. அவ சண்டை போடல. எனக்கு அங்க ஒரு வயக்காடு இருக்கு, எம் மாப்பிள்ள ரத்தம் குடுத்து வாங்குனதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டா. நான் அந்தக் கூட்டத்துல இருந்தேன். லீவுல வந்திருந்தேன். அப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அவ உக்காந்து சண்டை போட்டிருப்பா, ரெண்டு ஏக்கரு வாங்கியிருப்பா. சொல்லல. எனக்கு வெக்கமா இருந்துச்சு.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதும்பாவ. மறைச்சிரலாம் தம்பி. ஆனா அந்தச் சோத்தைத் தெனமும் திங்கணும்.

இப்ப ஜெயக்கொடி தாலுகா ஆபீசுல சர்வேயர். நெலம் அளக்கிற வேலை. சங்கிலி பிடிச்சு, கல்லு நட்டு, யாரு கெஞ்சினாலும் ஒரு அடி நகத்த மாட்டா. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, அம்மா, உனக்கு எங்க போகணும் சொல்லு, காசிக்கா ராமேஸ்வரத்துக்கான்னு கேட்டிருக்கா. உங்க அப்பா வயலுக்குன்னு இவ சொல்லியிருக்கா. ஜெயக்கொடி எங்கிட்ட வந்து, பெரியப்பா, நீங்கதான் வழி காட்டணும்னு சொல்லிட்டு டிக்கெட்டைக் கையில குடுத்துட்டா. நான் முட்டி வலிங்கேன், சர்க்கரைங்கேன், எடுபடல.

அதுக்கு ஒரு வழியும் வச்சிருந்தேன், அதையும் சொல்லிருதேன். குர்தாஸ்பூர் பக்கம் எனக்கு ஒரு சர்தார் கூட்டாளி இருக்கான், பல்விந்தர். போன் போட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் அவனுக்கு வயலு இருக்கு. அதுலயும் கோதுமதான். அதைக் காட்டிருவோம்னு பேசி வச்சோம். வயலுக்கு என்ன, நெத்தியில எழுதியா இருக்கு. ஒரு பிடி மண்ணு அள்ளுவா, ஒரு சொட்டுக் கண்ணீரு விடுவா, திரும்பிருவோம். யாருக்கு என்ன நட்டம்னு நெனச்சேன். இன்னைக்குக் காலையில ஜான்சி தாண்டும்போது ஜெயக்கொடி போனைக் கொண்டாந்து காட்டுதா. பெரியப்பா, நீங்க சொன்ன கிராமத்துப் பேரைப் போட்டேன், அது வேலிக்கு அந்தப் பக்கமுல்லா காட்டுது, பேரு ஒண்ணு போல ரெண்டு ஊரு இருக்குமோன்னு. அவ மொகத்துல சந்தேகமே இல்ல தம்பி. என்னை நம்பித்தான் கேக்கா. இருக்கும்மா, ரெண்டு இருக்கும்னேன். சொல்லிட்டு எந்திரிச்சு வந்து கதவுகிட்ட நின்னேன்.

சரி, மரத்தையும் சொல்லிருதேன். சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். வெள்ளம்னு சொன்னப்ப நீங்க பாத்த பார்வை சரியில்ல, அதான்.

வரைபடம்னா ஒரு அசையாத பொருள்ல இருந்து ஆரம்பிக்கணும். கெணறு கெடைச்சா கெணறு, மரம் கெடைச்சா மரம். கெணறு தூரமா இருந்துச்சு. வயலு ஓரத்துல ஒத்தைக் கருவேல மரம் ஒண்ணு நின்னுச்சு. எல்லாத்தையும் அதுல இருந்துதான் அளந்து எழுதியிருந்தேன். யுத்தம் முடிஞ்சு ஒரு மாசத்துல பொங்கல் வந்துச்சு. கம்பெனியில பூரா நம்ம பக்கத்து ஆளுங்க. பிடிச்ச நெலத்துல பொங்கல் வைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. மேஜர் சாபும் சரின்னுட்டாரு. பச்சரிசி இருக்கு, வெல்லம் இருக்கு, எங்கிருந்தோ கரும்பு கூடக் கொண்டாந்துட்டானுவ. வெறகு இல்ல. அந்தக் குளிருக்கு முன்னமே கதவு, கட்டிலு எல்லாத்தையும் எரிச்சாச்சு. பயலுவ மரத்தை வெட்டிட்டானுவ.

நான்தான் வெட்டச் சொன்னேன்.

கோடாலி பூலுடையார் கையில இருந்துச்சு. அவன் ஓங்கிட்டு நிறுத்துனான். அண்ணாச்சி, இது நம்ம அடையாள மரமுல்லான்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா. யுத்தம் முடிஞ்சு போச்சுல, ஜெயிச்சாச்சு, இனி இது நம்ம நெலம், எவன் வந்து இதை எடுக்கப் போறான், வெட்டுலன்னேன். அவன் வெட்டுனான். பொங்கல் நல்லாப் பொங்குச்சு. கெழக்க பாத்துப் பொங்குச்சு. எல்லாரும் குலவை போட்டோம், ஆம்பளைங்கதான், இருந்தாலும் போட்டோம். என் ஆயுசுல அப்படி ஒரு சந்தோசம் அதுக்கு முன்னயும் இல்ல பின்னயும் இல்ல.

அடிக்கட்டை இருந்துச்சு தம்பி. அது போதும்னு நெனச்சேன். நாங்க வேற எடத்துக்கு மாறிப் போனோம். நடுவுல வந்த பட்டாளத்துக்காரனுவ கட்டையையும் தோண்டி அடுப்புல வச்சிட்டானுவ. மழை பெஞ்சு குழியும் மூடிப் போச்சு. கார்த்திகையில போயி நிக்கேன், வெறும் மண்ணு. மேஜர் சாப் கேட்டாரு, மூர்த்தி, மரம் எங்கன நின்னுச்சுன்னு. எனக்குத் தெரியலன்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா வேற மாதிரி, ஓரத்துல இருந்து கம்பி போட்டு மெதுவா வந்திருப்போம், ஒரு வாரம் கூட ஆகியிருக்கும். என் கணக்கு தப்பாதுன்னு பேரு வாங்குனவன்லா நான். இங்கனதான் சாப்னு காலை ஊனிக் காட்டுனேன்.

இருந்தாலும் வெள்ளமும் வந்துச்சு. அதையும் நீங்க மறக்கக் கூடாது.

டிசம்பர்ல ஒப்படைச்சோம். ரெண்டு மேசையைச் சேத்துப் போட்டிருந்துச்சு. அந்தப் பக்கம் அவன் ஆளுங்க, இந்தப் பக்கம் நாம. என் வரைபடத்தை வாங்குனவனும் என்னை மாதிரி ஒரு சாப்பர்தான், பழுத்த மீசை. அவன் விரலை வச்சுக் கேட்டான், இந்த மரம் எங்கன்னு. காத்துல விழுந்துருச்சுன்னேன். அவன் என்னை நிமிந்து பாத்தான். ரெண்டு பக்கமும் டீ குடிச்சோம். ரெண்டு பக்கமும் ஜெயிச்ச மாதிரிதான் நின்னோம்.

மறுநாள் இந்தப் பக்கத்துல இருந்து பைனாகுலர்ல பாத்தேன். அந்த வயலுக்குச் சொந்தக்காரக் கெழவன் வந்துட்டான். ரெண்டு மாடு, ஒரு கலப்பை. முதல் சால் ஓட்டுனான். அவன் கால் வைக்க வைக்க நான் எட்டை எண்ணுனேன். வெடிச்சிருமோன்னு எண்ணுனேனா, வெடிக்கட்டும்னு எண்ணுனேனான்னு கேட்டா எனக்கு இன்னைக்கும் தெரியாது. வெடிக்கல. அவன் பாட்டுக்கு உழுதுட்டுப் போனான். நான் அதை யாருகிட்டயும் சொன்னதில்ல. எதிரி உழுததைப் பாத்தேன்னு ஊர்ல சொன்னா இசக்கிக்கு ஒரு வருசத்துக்குப் பேச்சு ஆகும்.

இருங்க, ஜெயக்கொடி கூப்பிடுதா. எதுக்குன்னு தெரியல. வந்துருதேன். பையைப் பாத்துக்கோங்க.

*

இருக்கியளா. நல்லது. செத்த தள்ளி உக்காருங்க, முட்டி மடங்க மாட்டேங்குது.

சொல்லிட்டேன் தம்பி.

நானாச் சொல்லல. பேராச்சியே கேட்டுட்டா. இவ போன்ல ஏதோ கோடு காட்டுதாளாம், நம்ம வயலு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்காம், நெசமா அண்ணாச்சின்னு. கேட்டுட்டு என் மூஞ்சியையே பாக்கா. இனி எங்க போயி ஒளிய. ஆமா தாயின்னேன். அப்பவே திருப்பிக் குடுத்துட்டோம்னேன்.

அவ சத்தம் போடுவா, என்னை அடிச்சாலும் அடிப்பான்னு நெனச்சேன். சேலை மடிப்பை நீவி விட்டுக்கிட்டா. பொறவு, அப்ப நாம தோத்துட்டமான்னா. இல்ல தாயி, ஜெயிச்சோம்னேன். ஜெயிச்ச பொறவு அவரு எதுக்கு அங்கன குனிஞ்சாருன்னா. இசக்கிக்குச் சொன்ன பதில் இவகிட்டச் செல்லாது. அந்த வயலுக்காரன் உழணும்லா, அதுக்காகத்தான்னேன். உழுதானான்னா. உழுதான், நான் என் கண்ணால பாத்தேன்னு சொன்னேன். மாடு ஒழுங்காப் போச்சான்னு கேட்டா. போச்சு தாயி, ரெண்டு மாடும் ஒழுங்காப் போச்சு, கெழவன் காலு ரெண்டும் முழுசா இருந்துச்சுன்னேன். அவ தலையை ஆட்டுனா. அப்ப சரின்னா.

அவ்வளவுதான். அப்ப சரி. அம்பது வருசமா நான் பயந்த பயம் ரெண்டு வார்த்தையில முடிஞ்சு போச்சு. வேலிகிட்ட நின்னு பாத்தாத் தெரியுமா, யாராவது உழுதாப் பாத்துட்டு வந்துருவோம்னு சொல்லுதா. பல்விந்தர் வயலு வேலிகிட்டத்தான் இருக்கு, தெரியும்னேன்.

பொறவு இன்னொண்ணு கேட்டா. அண்ணாச்சி, ஊர்ல எல்லாரும் சொல்லுவாவ, அவரு கவனக் கொறைவாத்தான் செத்தாருன்னு, எங்க மாமியா கூடச் சொல்லிட்டுத்தான் போயிச் சேந்தாவ, நெசமான்னு. அது எனக்குத் தெரியாது தம்பி. ஊர்ல அப்படி ஒரு பேச்சு இருந்தது எங்காதுக்கு வரல. சாமி சத்தியமா வரல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல தாயின்னேன். அவனைப் போலக் கவனமான ஆளு கம்பெனியிலயே இல்லன்னேன். பொறவு எப்படின்னா. வெள்ளம்னேன். வெள்ளம் வந்து மைனை நகத்திருச்சு தாயி, அதுக்கு யாரு என்ன செய்யன்னேன்.

நம்பிட்டா. கண்ணைத் தொடைச்சிட்டா. அம்பது வருசத்துக்கு அப்புறம் அவ மாப்பிள்ள மேல உள்ள பழி போச்சு. அது எவ்வளவு பெரிய காரியம். நெலம் நம்மகிட்ட இல்லன்னு நான் ஒத்துக்கிட்டேன், அவளும் ஏத்துக்கிட்டா. மரத்தைப் பத்தி பேச்சே வரல. ரெண்டு பக்கமும் நட்டம் இல்லாம முடிஞ்சுதுன்னுதானே சொல்லணும். மனசுக்குள்ள அப்படித்தான் நெனச்சிக்கிட்டு எந்திரிச்சேன் தம்பி. பேசி முடிச்சாச்சு, ஜெயிச்சாச்சுன்னு.

ஜெயக்கொடி அது வரைக்கும் ஜன்னல் பக்கம்தான் பாத்துட்டு இருந்தா. நான் எந்திரிக்கவும் மெதுவாக் கேட்டா. அவங்க அம்மாவுக்குக் கேக்காத மாதிரி. பெரியப்பா, எதுல இருந்து அளந்தியன்னு.

அவ்வளவுதான் கேட்டா. வரைபடம் போட்டது நான்தான்னு சின்ன வயசுல இருந்தே அவளுக்குத் தெரியும். சர்வேயர்லா. அது அவ தொழில்ல கேக்கிற மொதக் கேள்வி. கோவமாக் கேக்கல. பதிலுக்குக் காத்துட்டு இருந்தா. கெணத்துல இருந்துன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. அவ கண்ணைப் பாத்தேன், பூலுடையார் கண்ணு மாதிரியே இருந்துச்சு. கோடாலியை ஓங்கிட்டு நிறுத்துன அன்னைக்கு அவன் அப்படித்தான் என்னைப் பாத்தான். பையை ஒரு ஆளுகிட்டக் குடுத்துட்டு வந்திருக்கேன், பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு இங்கன வந்துட்டேன்.

அங்கன சாப்பாட்டைப் பிரிச்சிட்டாவ, வாசம் வருது. புளிச்சோறு, மல்லித் தொவையல். மூணு இலை போட்டிருக்கா. பேராச்சி எனக்காகப் பாத்துட்டு இருக்கா, நான் போகாம அவ கை வைக்க மாட்டா. ஜெயக்கொடியும் சாப்பிடாம உக்காந்திருப்பா.

தம்பி, நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். அந்தப் பக்கம் போயி, அந்தப் பெரியவருக்குப் பசிக்கலையாம், நீங்க சாப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துருதியளா?